தீக்குச்சிகள் ஆடிய கதை



கார்ட்டூன் படம் என்றால் நம்மில் விரும்பாதவர் யார்? எலியைப் பூனை துரத்தும்போது சிறு குழந்தைகள் மட்டுமா சிரிக்கிறார்கள்? செபமாலையைக் கையில் பிடித்திருக்கும் பாட்டியும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பத்தான் செய்கிறார். ஆனால் அந்தப் பூனைக்கும் எலிக்கும் உயிர் எங்கிருந்து வந்தது? காகிதத்தில் வரைந்த கோடு எப்படி ஓடக் கற்றது? நம் நாட்டில் இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர் யார்? இவற்றை ஆராய்ந்தபோது நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் ஊர்த் தறி சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஏதேனும் ஒரு தறி வீட்டிற்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் போதும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள், ஒன்றோடொன்று கயிற்றால் கோக்கப்பட்டு, ஏணிபோல் தொங்கிக்கொண்டிருக்கும்.

சேலையில் மயில் வரவேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. எந்த இழை மேலே எழ வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் துளை இருக்கும். எழ வேண்டாத இடத்தில் துளை இராது. நெசவாளர் மிதியை மிதித்ததும் ஓர் அட்டை தன் முறைக்கு வந்து நிற்கும். உரிய பாவு இழைகள் மட்டும் மேலெழும். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். பிறகு அடுத்த அட்டை வரும்.

ஓர் அட்டையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் மயிலும் இல்லை, அன்னமும் இல்லை, வெறும் துளைகள்தாம். நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசை தவறாமல் வந்து போன பிறகே முந்தானையில் மயில் தோகை விரிக்கிறது. இம்முறையை 1804 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர். அவர் பெயரே இன்றும் நம் ஊர்த் தறிமேல் உட்கார்ந்திருக்கிறது. இன்று சில இடங்களில் அட்டைக்குப் பதிலாகக் கணினியே இந்த வேலையைச் செய்தாலும், பெட்டியின் பெயர் மட்டும் மாறவில்லை.

அசையும் படமும் இப்படித்தான். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அசையாத படம். வரிசையாக, விரைவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அதுவே ஓட்டம், நடனம், சிரிப்பு!

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பந்து வரையுங்கள். அதற்கு முந்திய பக்கத்தில் அதே பந்தை ஒரு நூல் அளவு மேலே தள்ளி வரையுங்கள். இப்படியே இருபது முப்பது பக்கம் வரைந்துவிட்டு, கட்டைவிரலால் தாள்களை மடமடவென்று விட்டுப் பாருங்கள், பந்து துள்ளும். கண்ணில் ஒரு படம் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று பழைய நூல்கள் கூறின. கண் மட்டுமன்று, இரு படங்களுக்கும் இடையிலுள்ள அசைவை நம் மூளையே நிரப்பி இணைத்துக்கொள்கிறது என்பது இன்றைய அறிவியலின் விளக்கம். (வகுப்பு நடக்கும்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்!)

கண்ணாடியில் ஆடிய பொம்மைகள்

ஜக்கார்டு பிறந்த அதே பிரான்சு நாட்டில், 1844 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள், நாம் அமல உற்பவ அன்னையின் திருவிழா கொண்டாடும் அதே நாளில், எமில் ரெய்னோ என்பவர் பிறந்தார். தந்தை கடிகாரம் பழுது பார்ப்பது போன்ற நுட்ப வேலைகளில் வல்லவர். அவரிடம் ரெய்னோ இயந்திர வேலை கற்றார். தாயார் நீர்வண்ண ஓவியம் தீட்டுபவர். அவரிடம் வரையக் கற்றார். இந்த இரண்டு கல்வியும் வீட்டிலேயே கிடைத்தன.

இளமையில் பாரீசு நகரத்தில் மொய்ஞோ அடிகளார் என்ற குருவானவரிடம் அவர் உதவியாளராக இருந்தார். அந்த அடிகளார், கண்ணாடித் தகட்டில் தீட்டிய படங்களை விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டி, பொதுமக்களுக்கு அறிவியல் கற்பித்தவர். திரையில் படம் காட்டிப் பாடம் சொல்லலாம் என்பதை ரெய்னோ அவரிடமே கண்டார்.

1877 ஆம் ஆண்டில் அவர் ஒரு விளையாட்டுக் கருவி செய்தார். அதன் பெயர் பிராக்ஸினோஸ்கோப். சுழலும் வட்டப் பெட்டியின் உட்புறத்தில் 12 படங்கள் கொண்ட காகித நாடா; நடுவில் 12 சிறு கண்ணாடிகள். பெட்டியைச் சுற்றினால், கண்ணாடியில் தெரியும் சிறுமி கயிறு தாண்டுவாள், குதிரை தாவும். ஆனால் 12 படத்திற்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்தே வரும். கதை சொல்ல இயலாது.

ஆகவே ரெய்னோ, நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டி, நீண்ட நாடாவாக இணைத்தார். நாடா வழுக்காமல் சீராக நகர்வதற்காக அதில் துளைகளும் இட்டார். 1892 ஆம் ஆண்டு அக்டோபர் 28 ஆம் நாள் பாரீசிலுள்ள கிரேவென் காட்சிசாலையில் மக்களுக்கு முன்னால் திரையில் அவற்றை ஓட்டிக் காட்டினார். “பாவம் பியரோ” என்னும் அவருடைய கதையில் மட்டும் 500 படங்கள். நாடாவின் நீளம் 36 மீட்டர். லூமியேர் சகோதரர்கள் தங்கள் சினிமாவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1895 டிசம்பரில்தான். இதனாலேயே உலகமெங்கும் அக்டோபர் 28 ஆம் நாள் அசைவூட்டப் படங்களின் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1900 ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 12,800 காட்சிகள் நடந்தன. ஐந்து இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பர். ஆனால் புகைப்படச் சினிமா வந்ததும் மக்கள் அதன் பின்னால் போய்விட்டார்கள். கையால் வரைந்து கொண்டிருப்பவரை யார் தேடுவார்கள்? மனமுடைந்த ரெய்னோ, தம் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் வீசி எறிந்துவிட்டார். 1918 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள் அவர் இறந்தபோது உலகம் கவனிக்கவில்லை. இரண்டே கதைகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அவருக்குப் பின் வந்தவர் எமில் கோல். இவரும் பிரெஞ்சுக்காரரே, கேலிச் சித்திரக்காரர். 1908 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 700 கோட்டோவியங்களை வரைந்து, ஒவ்வொன்றாகச் சினிமாக் கேமராவால் படம் பிடித்து, இரண்டு நிமிடம்கூட ஓடாத “ஃபாண்டஸ்மகோரி” என்ற படத்தைக் கொடுத்தார். கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்தாற்போலத் தோன்றும் அந்தப் படத்தைத்தான் சினிமாச் சுருளில் வந்த முதல் முழுமையான கார்ட்டூன் என்று பலர் கூறுவர். அதே ஆண்டு அவர் தீக்குச்சிகளையும் ஆட வைத்தார். தீக்குச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கதையில் அது மறுபடியும் வரப்போகிறது.

இயேசுவின் வாழ்க்கை எழுப்பிய ஆசை

நம் தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தில் படம் காட்டியவர்கள் இருந்தார்கள். திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905 ஆம் ஆண்டில் ஊர் ஊராகப் படம் காட்டிவந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களுள் ஒன்று இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய அவர், பிற்பாடு 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையையே கட்டினார்.

அதேபோன்று இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் ஒரு படத்தை, 1910 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பம்பாயில் ஒருவர் பார்த்தார். அவர்தாம் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. பிற்காலத்தில் நாடு முழுவதும் “தாதாசாகேப் பால்கே” என்று மரியாதையுடன் அழைத்த மனிதர்.

பால்கே 1870 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் நாசிக்கிற்கு அருகிலுள்ள திரியம்பகத்தில் பிறந்தார். பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிலும் பரோடாவின் கலாபவனத்திலும் பயின்றார். ஓவியம், புகைப்படம், அச்சுத் தொழில், மாயாஜாலம் என்று அவர் கை வைக்காத கலை இல்லை. தம் பெயரைத் திருப்பிப் போட்டு “பேராசிரியர் கெல்ஃபா” என்று வைத்துக்கொண்டு மேடையில் வித்தை காட்டியவர் அவர்! ஆனால் துன்பமும் அவரை விடவில்லை. கோத்ராவில் புகைப்பட நிலையம் நடத்தியபோது கொள்ளைநோயான பிளேக்கில் முதல் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். பின்னர்ச் சரசுவதிபாயை மணந்தார். அச்சுத் தொழிலில் பங்காளிகளோடு மன வேறுபாடு ஏற்பட்டு, வேலையின்றி இருந்த வேளையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தார்.

திரையில் இயேசுபிரானின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனமோ, இதேபோல் நம் நாட்டுக் கண்ணனையும் இராமனையும், கோகுலத்தையும் அயோத்தியையும் திரையில் காணும் நாள் வருமா என்று ஏங்கியதாம். அவரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். மறுபடியும் மனைவியை அழைத்துச் சென்று படத்தையும் காட்டி, அது எப்படி ஓடுகிறது என்பதையும் விளக்கினார்.

அதன்பின் இரவு பகலாகப் படம் பார்ப்பதும், கருவிகளைச் சோதிப்பதுமாக இருந்ததில் அவர் கண்பார்வையே கெட்டுவிட்டது. மருத்துவர் ஒருவர் பாடுபட்டுப் பார்வையை மீட்டுத் தந்தார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து, 1912 ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே படமெடுக்கக் கற்று, வில்லியம்சன் கேமராவும், பிலிமில் துளை போடும் கருவியும் வாங்குவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஏப்ரல் மாதம் நாடு திரும்பினார்.

தொட்டியில் முளைத்த பட்டாணி

கருவி வந்துவிட்டது; ஆனால் படம் எடுக்கப் பணம்? “சினிமா எடுக்கிறேன், கடன் கொடுங்கள்” என்றால் அந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்? சொல்லிப் புரியவைக்க முடியாததைச் செய்து காட்டிப் புரியவைக்கத் தீர்மானித்தார் பால்கே.

ஒரு தொட்டியில் பட்டாணி விதைகளை ஊன்றினார். அதன் எதிரில் கேமராவை அசையாமல் நிறுத்தினார். செடி வளர வளர, சிறிது சிறிதாகப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு மாதத்திற்கும் மேலாக இந்தப் பொறுமை நீடித்தது. கடைசியில் சுருளை ஓட்டியபோது என்ன ஆயிற்று தெரியுமா? விதை வெடித்து, முளை எட்டிப் பார்த்து, இலை விரித்து, கொடியாய்ச் சுற்றி ஏறியது. அத்தனையும் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில்! கடவுள் ஒரு மாதத்தில் செய்வதை மனிதன் ஒரு நிமிடத்தில் சுருட்டிக் காட்டியது கண்டு, பார்த்தவர்கள் வியந்தார்கள். கடன் கொடுக்கவும் முன்வந்தார்கள்.

தோழியரே, இது வெறும் தந்திரமன்று. ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பிடித்து, பிறகு தொடர்ந்து ஓட்டுவது என்பதுதான் அசைவூட்டக் கலைக்கு அடிப்படை. ஆகவே நம் நாட்டில் முதன்முதல் திரைக்கு உயிர் கொடுத்த நடிகர் யார் என்று என்னைக் கேட்டால், ஒரு பட்டாணிச் செடி என்றே சொல்வேன்.

துளை போட்ட கைகள்

கிடைத்த கடன் போதவில்லை. சரசுவதிபாய் தம் நகைகளைத் தந்தார். அதோடு அவர் பங்கு முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்கியது.

அந்நாளில் சினிமாச் சுருள் துளையில்லாமலே வந்தது. கருவியின் பற்கள் பிடித்து இழுப்பதற்கு இரு ஓரத்திலும் துளை வேண்டும். வெளிச்சம் பட்டால் சுருள் கெட்டுவிடுமாதலால் இந்த வேலையை இருட்டில்தான் செய்ய வேண்டும். பகலெல்லாம் வீட்டு வேலை செய்த சரசுவதிபாய், இரவிலே இருளில் அமர்ந்து பிலிமுக்குத் துளை போட்டார். மருந்துகளைக் கலக்கவும், எடுத்த படத்தைக் கழுவவும் கற்றுக்கொண்டார். படப்பிடிப்பின்போது வெயிலைத் திருப்பிவிட வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படக் குழுவில் இருந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சமையலும் அவரே.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி நீளச் சுருளில் 16 படங்கள். ஒவ்வொரு படத்திற்கும் ஓரத்திற்கு 4 துளைகள். ஆக ஓர் அடிக்கு ஒரு பக்கம் 64 துளைகள். “இராஜா அரிச்சந்திரா” படத்தின் நீளம் ஏறத்தாழ 3,700 அடி. அப்படியானால் ஒரு பக்கத்தில் மட்டும் 2,36,800 துளைகள். இரு பக்கமும் சேர்த்து 4,73,600! துளை போடக் கருவி இருந்ததுதான். ஆயினும் அந்தக் கருவியைப் பிடித்த கை மனிதக் கையல்லவா?

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த இரவு, பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த என் அம்மாவிடம் சரசுவதிபாயைப் பற்றிச் சொன்னேன். அம்மா இராட்டையை நிறுத்தாமலே, “அந்த அம்மாவுக்குக் கண்ணு வலிச்சிருக்குமே?” என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான் படித்தவற்றிலெல்லாம் பால்கேயின் கண்ணுக்கு நடந்த சிகிச்சையைப் பற்றி இருந்தது. சரசுவதிபாயின் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1913 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் பம்பாய் கொரோனேஷன் கொட்டகையில் “இராஜா அரிச்சந்திரா” மக்களுக்குக் காட்டப்பட்டது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று போற்றப்படுவது அதுவே. பெண்கள் நடிக்க வர அஞ்சிய காலமாதலால், உணவு விடுதியில் வேலை செய்த சாளுங்கே என்ற இளைஞரே சந்திரமதியாக நடித்தார். அதே ஆண்டில் பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாயும் அவர் மகள் கமலாபாயும் துணிந்து நடித்தார்கள். 1919 இல் வெளிவந்த “காளிய மர்தனம்” படத்தில் காளிங்கன்மேல் ஆடிய கண்ணன் யார் தெரியுமா? பால்கேயின் சிறு மகள் மந்தாகினி! ஆறு ஆண்டுகளுக்குள் எவ்வளவு மாற்றம் பாருங்கள்!

தீக்குச்சிகளின் வேடிக்கை

1914 இல் முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சுருள் கிடைப்பது அரிதாயிற்று. கடன் தருபவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். பெரிய படம் எடுக்க வழியில்லை. வேறொருவராயிருந்தால் முடங்கியிருப்பார். பால்கேயோ, கையில் இருப்பதைக்கொண்டு செய்வோம் என்று, ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

1915 ஆம் ஆண்டில் அவர் எடுத்த சிறு படத்தின் பெயர் “ஆக்காட்யாஞ்சி மௌஜ்”. மராத்தியில் இதற்குத் தீக்குச்சிகளின் வேடிக்கை என்று பொருள். தீக்குச்சிகளே அதில் நடிகர்கள். எப்படி எடுப்பது? மேசைமேல் குச்சிகளை அடுக்கி ஒரு படம் பிடிக்க வேண்டும். கேமராவை நிறுத்திவிட்டு, குச்சியை மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். மறுபடியும் ஒரு படம். மறுபடியும் நகர்த்தல். நொடிக்கு 16 படம் என்று வைத்துக்கொண்டால், குச்சி ஒரு நிமிடம் ஆடுவதற்கு 960 தடவை நகர்த்திப் படம் பிடித்தாக வேண்டும். இடையில் ஒரு தும்மல் போட்டு மேசை ஆடினால் போயிற்று!

பிரான்சில் கோல் ஆட்டிய தீக்குச்சியை ஏழு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவில் பால்கே ஆட்டினார். நாணயங்களை நகரவைத்தும் அவர் இதுபோன்ற படம் எடுத்தார். அதனால்தான் இந்தியச் சினிமாவின் தந்தை எனப்படும் அவரே, இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியும் ஆகிறார்.

ஆனால் தோழியரே, அந்தத் தீக்குச்சிப் படத்தை இன்று நாம் பார்க்க இயலாது. அது அழிந்துவிட்டது. “இராஜா அரிச்சந்திரா”விலும் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. ரெய்னோ தம் கையாலேயே நதியில் எறிந்தார். பால்கேயின் படங்களையோ காலமும் கவனக்குறைவும் தின்றுவிட்டன. பேசும் படம் வந்தபின் பால்கேயையும் மக்கள் மறந்தார்கள். 1944 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள் நாசிக்கில் அவர் காலமானார். 1969 ஆம் ஆண்டில்தான் இந்திய அரசு அவர் பெயரால் திரைப்படத் துறையின் உயரிய விருதை ஏற்படுத்தியது.

மீனா என்னும் சிறுமி

பால்கே ஏற்றிய சுடர் அணைந்துவிடவில்லை. 1956 ஆம் ஆண்டில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் பகுதி தொடங்கிய காலத்தில், அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியிடம் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களுள் ஒருவர் ராம் மோகன். 1931 இல் பிறந்த இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை. புத்தரின் முற்பிறவிக் கதையான “ஆலமரத்து மான்” 1957 இல் அங்கே உருவாயிற்று. பின்னாளில் ஜப்பானியக் கலைஞர்களோடு சேர்ந்து இராமாயணத்தை முழுநீளக் கார்ட்டூன் படமாக எடுத்ததிலும் ராம் மோகனுக்குப் பங்குண்டு. 2014 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் மறைந்தார்.

அவர் படைத்தவற்றுள் என் மனத்திற்கு மிகவும் நெருக்கமானவள் மீனா. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், தெற்காசிய நாடுகளின் பெண் குழந்தைகளுக்காக 1990களில் கொண்டுவந்த தொடரின் நாயகி அவள். மீனாவின் தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான்; மீனா போக முடியவில்லை. அவள் என்ன செய்கிறாள்? தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள்! கிளி சன்னலில் உட்கார்ந்து கேட்டு வந்து சொன்ன கணக்கை அவள் கற்றுக்கொள்கிறாள். அந்தக் கணக்கைக்கொண்டு கோழிகளை எண்ணிப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதினாலும் கிடைக்காத பதிலை ஒரு கிளியும் சில கோழிகளும் சொல்லிவிட்டன. பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கும் கார்ட்டூன், ஒரு சிறுமிக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிடவும் வல்லது.

நாம் கற்க வேண்டியது

இன்று அசைவூட்டப் படங்களைக் கணினியில் செய்கிறார்கள். கையால் வரைந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. ஒரு நொடிச் சிரிப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வேண்டும். ஒன்றைத் தாண்டிக் குதித்து அடுத்ததற்குப் போக முடியாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பெரியோர் சொன்னது இக்கலைக்கே பொருந்தும்.

ரெய்னோ பாரீசில் படம் காட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பிரான்சு நாட்டின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் ஓர் இளம் கன்னியர் வாழ்ந்துவந்தார். அவர்தாம் நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள். பெரிய செயல்கள் செய்ய நமக்கு வாய்ப்பு வராமற்போகலாம். சிறு செயலைப் பெரிய அன்போடு செய்வதே தேவனை அடையும் சிறு வழி என்று அவர் வாழ்ந்து காட்டினார். துடைப்பம் பிடிப்பதும், தையல் தைப்பதும் அவருக்குச் செபமாயின. ஓர் ஓவியனுக்கு ஒரு சிறு படம் எப்படியோ, அப்படித்தான் நமக்கு ஒரு நாள். தனியே பார்த்தால் அதில் எதுவும் இல்லாததுபோல் தோன்றும். காலையில் மணி அடிக்கிறது, பாடம் படிக்கிறோம், மாலையில் வீடு போகிறோம். இந்த நாள்களெல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டு ஓடும்போதுதான் நம் வாழ்க்கையில் மயில் இருக்கிறதா, வெறும் துளைகள்தாமா என்பது தெரியும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். பட்டுச் சேலையைப் பார்ப்பவர்கள் நெய்தவர் யார் என்று சில வேளை கேட்பார்கள். தார் சுற்றியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பால்கேயின் பெயரால் விருது இருக்கிறது. இருட்டில் துளை போட்ட சரசுவதிபாயின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அட்டையில் துளை சரியாக இல்லாவிட்டால் மயில் வராது. சுருளில் துளை சரியாக இல்லாவிட்டால் அரிச்சந்திரன் நகரமாட்டான். ஆகவே தோழியரே, இனி கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கும்போது, முடிவில் வேகமாக ஓடி மறையும் பெயர்களையும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். வீட்டில் நமக்காகக் கண் விழிப்பவர்களிடம், கண் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அன்றிரவு கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே, “நீ படி” என்றார்கள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி